பாட்டிக்காக ஒரு பூசை

அன்புள்ள பாதர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்து இடுகாடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பரம்பரைக் கத்தோலிக்கர். அப்பா 1972இல் அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டவரில்லை. அவருடைய அம்மா, அதாவது என் பாட்டி, கடைசிவரை மாரியம்மனையே கும்பிட்டார். தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அப்போது சித்தப்பா பாட்டியின் வயிற்றில் இருந்தாராம்.

பாட்டி 1983இல் இறந்தபோது தோட்டத்து இடுகாட்டில் புதைத்தோம். 1974இல் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்ட என் அண்ணனின் குழியும் அங்கேதான் ஓர் ஓரத்தில் இருக்கிறது. இப்போது தோட்டம் கைமாறி, வீடமைப்புக்குப் போகிறது. உறவினர்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பாட்டியின் எலும்பை எடுத்து எரித்து ஆற்றில் கரைத்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. தீபாவளிக்கு முதல் நாள் படையலில், பாட்டியின் படத்தோடு, இரண்டு வருடங்களுக்கு முன் தவறிய என் அப்பாவின் படத்தையும் வைக்கப் போகிறாராம். அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "அவர் சர்ச் கல்லறையில் படுத்திருக்கிறார். அவருக்குப் படையல் போடுவது பாவம். நீ அங்கே போய் நிற்கக் கூடாது" என்கிறார். ஆனால் அப்பா இருந்தவரை ஒவ்வொரு வருடமும் அன்று மாலை சித்தப்பா வீட்டுக்குப் போய், வாசற்படி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார்.

நான் அந்தப் படையலில் நிற்கலாமா? ஞானஸ்நானம் பெறாத பாட்டிக்குப் பூசை வைக்க முடியுமா? அண்ணனுக்கு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஆயா தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்ததாக ஒரு பேச்சு உண்டு. அம்மாவுக்கே அது உறுதியாகத் தெரியவில்லை. அவனுக்கு என்ன செய்வது? ஆத்துமா கடவுளிடம் போய்விட்டது என்றால், எலும்புக்கும் படத்துக்கும் பூசைக்கும் இவ்வளவு சண்டை எதற்கு?

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுள் ஒன்றுக்குத் தயங்காமல் உடனே பதில் சொல்லிவிடலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பாட்டிக்காகப் பூசை வைக்கலாம். வாழ்வோர், இறந்தோர் எவருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 901ஆம் எண்ணில் சொல்கிறது. ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பூசையில் நாங்கள் சொல்லும் நற்கருணை மன்றாட்டுகளுள் நான்காவதில், கிறிஸ்துவின் சமாதானத்தில் இறந்தவர்களை நினைத்த கையோடு, எவருடைய விசுவாசத்தை இறைவன் ஒருவரே அறிவாரோ அந்த இறந்தோர் அனைவரையும் சேர்த்தே நினைக்கிறோம். உங்கள் பாட்டிக்கு அந்த வரியில் இடம் உண்டு. தம் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் நடந்தவர்களும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதியே வைத்திருக்கிறது. ஆகவே பங்கு அலுவலகத்தில் பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கும்போது பாட்டியின் பெயரை முழுமையாக எழுதுங்கள். இந்துப் பெயராயிற்றே என்று யாராவது தயங்கினால் அந்தச் சட்ட எண்ணைச் சொல்லுங்கள்.

இறந்தவர்களுக்காக மன்றாடுவதற்கு நாம் மறைநூலில் எடுத்துக்காட்டும் பகுதி மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில் வருகிறது. கல்லறைத் திருநாளில் நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள். போரில் விழுந்த தம் வீரர்களை அடக்கம் செய்யப் போன யூதர் படைத்தலைவர் யூதா மக்கபே, ஒவ்வொருவரின் உடைக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகளைக் காண்கிறார். யூதர்களுக்குச் சட்டம் அடியோடு தடுத்திருந்த பொருள் அது. இவர்கள் வேறு சாமியை நம்பிச் செத்தவர்கள், இவர்களுக்காக நாம் ஏன் கேட்க வேண்டும் என்று அவர் ஒதுங்கவில்லை. ஆளாளுக்கு வசூலித்து இரண்டாயிரம் திராக்மா வெள்ளி சேர்த்து, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பி வைக்கிறார். நாம் பெருமையோடு வாசிக்கும் இந்தப் பகுதியில் தாயத்து வரும் இடத்தை மட்டும் ஏனோ விரைவாகக் கடந்துவிடுகிறோம். தடையை அறிந்தே மீறியவர்களுக்காக மறைநூல் அப்படி மன்றாடச் சொல்கிறது. தன் தாய் காட்டிக்கொடுத்த சாமியை உண்மையாகக் கும்பிட்டு, இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக ஆளாக்கிய ஒரு பெண்ணுக்காகக் கேட்க நமக்கு என்ன தடை?

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். பூசை வைக்கிறோம் என்பதற்காகப் பாட்டியை இறந்த பிறகு கிறிஸ்தவராக்கிவிட வேண்டாம். "உள்ளுக்குள் அவர் நம்ம ஆள்தான்" என்று ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்ளும் பேச்சைச் சாவு வீடுகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான், ஆனாலும் அது இறந்தவரின் வாழ்க்கையை அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. பாட்டி எப்படி வாழ்ந்தாரோ அப்படியே, அவர் பெயரைச் சொல்லி இறைவனிடம் ஒப்படையுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் பீடத்தில் நிற்கும் எனக்கும் யாரும் கொடுக்கவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஆத்துமா கடவுளிடம் போய்விட்டால் இத்தனையும் எதற்கு? 387ஆம் ஆண்டில், ரோமாபுரியின் துறைமுகமான ஓஸ்தியாவில், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த இடத்தில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். அவருடைய கணவர் பத்ரீசியு வாழ்நாளின் பெரும்பகுதி கிறிஸ்தவரல்லாதவராக இருந்து, இறப்பதற்குச் சற்று முன்புதான் ஞானஸ்நானம் பெற்றார். ஆப்பிரிக்காவில் அவர் பக்கத்திலேயே தானும் அடக்கமாக வேண்டும் என்பது மோனிக்காவின் நெடுநாள் ஆசை. இடத்தையும் தயாராக வைத்திருந்தார். ஆனால் சாவு நெருங்கியபோது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவர் மகன் அகுஸ்தீன் பல ஆண்டுகளுக்குப் பின் தம் வாழ்க்கையை எழுதும்போது அம்மாவின் பெயரோடு அப்பாவின் பெயரையும் எழுதி, இதைப் படிக்கும் அனைவரும் இந்த இருவரையும் பீடத்தில் நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரே வீட்டுக்குள் இரண்டு வழிபாடு, அதனால் வரும் மனத்தாங்கல், இறந்தவரை யார் எப்படி நினைப்பது என்ற குழப்பம் எல்லாம் நம் தோட்டத்து லயங்களில் புதிதாக முளைத்தவை அல்ல. திருச்சபையின் மாபெரும் ஆசிரியர்களுள் ஒருவர் அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் வந்தார்.

நம் மன்றாட்டு இறந்தவர்களுக்கு உதவுகிறது என்பது திருச்சபையின் விசுவாசம். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் அதை மறுபடியும் உறுதிப்படுத்தியது. தூய்மைப்படும் நிலையில் இருப்பவர்கள் நம் அன்பின் எல்லைக்கு வெளியே போய்விடவில்லை. கடவுள் மறந்துவிடுவார் என்று அஞ்சி நாம் அவருக்கு நினைவூட்டுவதில்லை. மோசேக்கு முட்புதரில் தம்மை அறிமுகப்படுத்தியபோதே அவர் ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என்று இறந்துபோன மூன்று பேரின் பெயர்களைத்தான் சொன்னார். அவர் இறந்தோரின் கடவுள் அல்ல, வாழ்வோரின் கடவுள் என்று இயேசு அந்த வரியைக் கொண்டே, உயிர்த்தெழுதலை மறுத்த சதுசேயர்களுக்குப் பதில் சொன்னார். அவர் பெயர் சொல்லி வைத்திருப்பவர்களை நாம் கைவிடக் கூடாது என்பதே என் எண்ணம். பெயர் சொல்ல ஆளில்லாமல் போனவர்கள் நம் தோட்டங்களில் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தாத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் பாட்டிக்காகக் கேள்வி இருக்கிறது, அண்ணனுக்காக இருக்கிறது, அப்பாவின் படத்துக்காகக் குடும்பமே பிளந்து நிற்கிறது. தாத்தாவுக்காக யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் குழியில்லை, தேதியில்லை, அநேகமாகப் படமும் இருக்காது. தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் ரயில் பாதையை ஜப்பானியர்கள் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதற்காக நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பால்மரத் தொழிலாளர்கள் ஆசை காட்டியும் பிடித்துக்கொண்டும் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்கள் மடிந்தார்கள். போர் முடிந்ததும் நேசப் படைகள் தங்கள் கைதிகளின் குழிகளைத் தேடிப் போய், காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை அமைத்தன. பெயர், வயது, படைப்பிரிவு எனப் பொறித்த வரிசைகளை இன்றும் அங்கே பார்க்கலாம். நம்மவர்களைத் தேடி அப்படி யாரும் போகவில்லை. யார் எந்த முகாமில், எந்த நாளில் இறந்தார் என்று எழுதி வைக்கவும் ஆளில்லை.

இங்கே இருந்த மனைவிமார்களுக்குத் தாலியை எப்போது கழற்றுவது என்று தெரியவில்லை. போனவரோடு அதே ரயிலில் ஏறித் திரும்பி வந்த யாராவது ஒருவர் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்று, "அவரை நான் கடைசியாக இந்த இடத்தில் பார்த்தேன்" என்று சொன்னால் உண்டு. அதுவும் இல்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு மூதாட்டிக்கு நோயில்பூசுதல் கொடுக்கப் போனபோது, எழுபது வயதைத் தாண்டிய அவர் மகள், அம்மா 1950க்குப் பிறகுதான் பூ வைப்பதை நிறுத்தினார் என்று என்னிடம் சொன்னார். என்ன செய்தி வந்தது என்று கேட்டேன். செய்தி எதுவும் வரவில்லையாம். ஒருநாள் காலையில் அவராகவே நிறுத்திவிட்டாராம்.

தேதி தெரியாதவர்களுக்கென்று உங்கள் பாட்டியின் வழக்கத்தில் புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசை இருக்கிறது. சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் தம் அப்பாவுக்கு அன்றுதான் எள்ளும் தண்ணீரும் விட்டுவருவார் என்று நினைக்கிறேன். நமக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் இருக்கிறது. பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ, ஏறத்தாழ 998ஆம் ஆண்டில், தம் பொறுப்பிலிருந்த மடங்களிலெல்லாம் இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மன்றாட ஒரு நாளை ஏற்படுத்தினார். நினைக்க உறவில்லாதவர்களும் விட்டுப்போகக் கூடாது என்பதால் "அனைவருக்காகவும்" என்றே அது அமைந்தது. முதல் உலகப் போரின் நடுவில், 1915இல், பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ட் அந்த ஒரு நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதி அளித்தார். அவற்றுள் ஒன்றை எவருக்காக வைப்பது என்பது குருவின் விருப்பம். இந்த ஆண்டு அந்தப் பூசையை உங்கள் தாத்தாவுக்காக ஒப்புக்கொடுக்க நினைக்கிறேன். நீங்கள் அவர் பெயரை எழுதவில்லை. சித்தப்பாவிடம் கேட்டு, அக்டோபர் முடிவதற்குள் எனக்கு அனுப்பி வையுங்கள்.

இனி படையலுக்கு வருகிறேன். இங்கே உங்கள் அம்மாவின் பக்கமும் சித்தப்பாவின் பக்கமும் இருக்கும் நியாயத்தைப் பார்க்க வேண்டும். இறந்தவருக்கு மரியாதை செய்வது வேறு, வழிபாடு செய்வது வேறு. கிறிஸ்தவர்கள் உள்ளூர் வழக்கங்களில் எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியில், மலபார் சடங்குகள், சீனச் சடங்குகள் என்று இதைப் பற்றித் திருச்சபைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சண்டை நடந்தது. 1939 டிசம்பரில் ரோமாபுரி, சீனக் கத்தோலிக்கர்கள் இறந்தவரின் உடல் முன்பும் படத்தின் முன்பும் தலைவணங்குவது குடும்ப மரியாதையே என்று ஏற்றுக்கொண்டது. இன்று நம் பங்குகளில் சீனக் கத்தோலிக்கர்கள் செங் பெங் காலத்தில் முன்னோர் கல்லறைக்குப் போய்த் துப்புரவு செய்து தலைவணங்குவதை யாரும் குறை சொல்வதில்லை. அந்த அறிவுரை சீனர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்றாலும் அதன் அடிப்படை நமக்கும் பொருந்தும். சித்தப்பா வீட்டில் நிற்கலாம், படத்துக்குப் பூ வைக்கலாம், விளக்கேற்றலாம், கும்பிட்டுத் தலைவணங்கலாம். முன்னோரைத் தெய்வமாக அழைத்துக் கற்பூரம் காட்டும் நேரத்தில் மட்டும் நீங்கள் சேர்ந்துகொள்ள வேண்டாம். அப்போது அதே இடத்தில் அமைதியாக நின்று, பரலோக மந்திரத்தையும் நித்திய இளைப்பாற்றி செபத்தையும் மனத்துக்குள் சொல்லுங்கள். அங்கே யாருக்கும் அது மரியாதைக் குறைவாகப் படாது.

படையல் சோற்றைச் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இலை போட்டதும் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 8ஆம் அதிகாரத்தில் பவுலடியார் இதைப் பேசுகிறார். உணவு நம்மைக் கடவுளுக்கு அருகே கொண்டுபோவதுமில்லை, சாப்பிடாமல் இருப்பதால் குறைவுமில்லை என்கிறார். அதே மூச்சில், உன் உரிமை இன்னொருவரின் மனச்சாட்சிக்குத் தடைக்கல்லாகிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறார். உங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் உங்கள் அம்மா. அவர் வளர்ந்த காலத்தில் உபதேசியார்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாப் பொங்கலைக்கூடத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு கத்தோலிக்கக் குடும்பங்கள் மட்டுமே இருந்த லயத்தில் பிள்ளைகளின் விசுவாசம் கரைந்துவிடக் கூடாது என்று அவர்கள் போட்ட வேலி அது. அந்த வேலிக்குள் நின்று அவர் உங்களைச் செபமாலை சொல்ல வைத்து வளர்த்திருக்கிறார். இப்போது, கணவர் போன பிறகு, அவருக்கு மிஞ்சியிருக்கும் உறுதி, தம் கணவர் ஆண்டவருடையவராக இறந்தார் என்பதுதான். படத்தைப் படையலில் வைப்பது அந்த உறுதியின் மேல் கை வைப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. சட்டம் சொல்லி அவரை மடக்க வேண்டாம். அவர் ஒப்பும்வரை படையல் சோற்றை நீங்கள் சாப்பிடாமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சித்தப்பாவும் அவர் அளவில் ஓர் அன்புக் கடமையைத்தான் செய்கிறார். தம் அப்பாவின் முகத்தையே பார்க்காதவர். அந்த இடத்தில் அண்ணனை வைத்து வாழ்ந்திருப்பார். அண்ணன் மதம் மாறிய பிறகும் ஆண்டுதோறும் தம் வாசற்படிக்கு வந்து நின்றதை ஐம்பது ஆண்டுகள் பார்த்தவர். உங்கள் அப்பா படியைத் தாண்டி உள்ளே போகவில்லை. அதற்காக வராமலும் இருக்கவில்லை. அவர் நின்ற அந்த இடத்தையே அவருடைய விருப்பமாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். சித்தப்பாவிடம் தனியாகப் பேசி, அப்பாவின் படத்தைக் கற்பூரம் காட்டும் வரிசையில் வைக்காமல், வாசல் பக்கத்துச் சுவரில் பூ மாலையோடு மாட்டி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கும்படி கேளுங்கள். அண்ணன் நின்ற இடம் என்று சொன்னால் அவருக்குப் புரியும். அதற்கு ஈடாக, கல்லறைத் திருநாளில் அவரைக் கையோடு நம் கல்லறைக்கு அழைத்து வாருங்கள்.

அப்படி வருகிறவர்கள் இல்லாமல் இல்லை. 2013இல் தீபாவளியும் கல்லறைத் திருநாளும் நவம்பர் 2 என்ற ஒரே நாளில் வந்தன. அன்று மாலை நான் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனபோது, புதுத்துணி போட்ட இந்து உறவினர்கள் பல குழிகளின் பக்கத்தில் நின்றார்கள். சட்டைக் காலரில் மஞ்சள் வைத்திருந்த ஓர் இளைஞனிடம் தீர்த்த வாளியைத் தூக்கி வரும்படி சொன்னேன். வாங்கிக்கொண்டு கடைசி வரிசைவரை கூடவே வந்தான். காற்றில் அணையாமலிருக்கப் பால் டின்னுக்குள் மெழுகுவர்த்தியை வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதல்லவா, அதை அவனே ஒவ்வொரு குழியிலும் குனிந்து சரிசெய்தான். முடிந்ததும், தன்னை வளர்த்த பெரியம்மா அங்கே இருப்பதாகவும், பூசையில் அவர் பெயரை வாசிக்க முடியுமா என்றும் கேட்டான். அடுத்த ஞாயிறு வாசித்தேன், அவனும் வந்திருந்தான்.

இனி உங்கள் அண்ணனைப் பற்றி. இதில் உங்கள் அம்மா ஐம்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று இருக்கலாம். ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தை மோட்சமும் இல்லாமல் நரகமும் இல்லாமல் இடையில் எங்கோ கிடக்கும் என்று அந்தக் காலத்தில் பரவலாகச் சொன்னார்கள். அது திருச்சபையின் கட்டாய விசுவாசமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம், அவர்களுக்கு மீட்பின் வழி உண்டு என்று நம்ப நமக்கு இடமிருக்கிறது என்று சொல்கிறது. 2007இல் ரோமாபுரியின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, இதே கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் இருக்கின்றன என்று நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்குள் இறந்துவிட்ட குழந்தைக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கையே ஆயர் அனுமதிக்கலாம் என்றும் சட்டம் இருக்கிறது.

ஆனால் அந்த ஆயாவின் பேச்சை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். சாவு நெருங்கிய அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, தண்ணீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் என்ற வாசகத்தைச் சொன்னால் போதும். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பூசைக்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்துபோன தோட்டங்களில், விவரம் தெரிந்த உபதேசியார்கள் இந்த வாசகத்தை ஆயாக்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திருநீறு பூசிய ஒரு பெண், அடுத்த வீட்டுக் கத்தோலிக்கக் குழந்தை கண்மூடப் போகிறது என்று தெரிந்ததும், அந்தத் தாயின் விசுவாசத்துக்காகத் தனக்குச் சொல்லித் தரப்பட்ட வார்த்தைகளை உச்சரித்துத் தண்ணீர் ஊற்றியிருந்தால், அந்த ஞானஸ்நானம் செல்லும். நான் பீடத்தில் நின்று கொடுப்பதற்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை. இதை அம்மாவிடம் மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். அந்த ஆயாவின் பெயர் அவருக்கு நினைவிருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்காகவும் ஒரு பூசை வைக்க வேண்டும்.

கடைசியாக, குழிகளை எடுக்கும் காரியம். தோட்டம் துண்டாடப்பட்டால் தொழிலாளிக்கு வேலையும் வீடும் போகும் என்பதை, நம் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து பேசிவருகிறோம். இடுகாடும் கூடவே போகும் என்பதைப் பேசாமலே இருந்துவிட்டோம். பாட்டியைப் பொறுத்தவரை சித்தப்பா சொல்வதுபோலவே செய்யுங்கள். அவர் மகன், பாட்டியின் வழக்கம் அதுதான். சாம்பலைத் தூவவோ கரைக்கவோ கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வந்த ரோமாபுரியின் அறிவுரை நம் விசுவாசிகளுக்கானது. அதைப் பாட்டியின் மேல் சுமத்தத் தேவையில்லை. ஆற்றங்கரைக்கு நீங்களும் போங்கள்.

அண்ணனின் குழியில் எலும்பு எதையும் எதிர்பார்க்காதீர்கள். இப்படி எடுக்கும் இடங்களில் நான் நின்றிருக்கிறேன். லாலாங் புல்லை வெட்டிவிட்டு, தலைமாட்டில் நட்ட குரோட்டன் செடியை அடையாளமாக வைத்துத்தான் தோண்டுவார்கள். பச்சைக் குழந்தையின் குழியில், செம்மண்ணுக்கு நடுவே ஒரு முழ நீளத்துக்கு மண் சற்றுக் கறுத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கு அதில் கறுப்புக் கண்ணாடி வளையலின் துண்டொன்று கிடைத்தது. அந்தத் தாய் அதைத் துடைக்கவும் விடாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தக் கறுத்த மண்ணை ஒரு வெள்ளைத் துணியில் எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அதை உங்கள் அப்பாவின் கல்லறையில், அவர் கால்மாட்டில் வைத்து அடக்கம் செய்யலாம். கல்லைத் திறக்க நகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டியிருக்கலாம். பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே வழி சொல்வார்கள். குழந்தைக்கு வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தீர்களோ அதையே கல்லில் அப்பாவின் பெயருக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள்.

தோண்டும் நாள் முடிவானதும் எழுதுங்கள். வாரநாளாக இருந்தால் காலையிலேயே வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை முடிந்து பத்து மணிக்கு மேல்தான் வர முடியும். அம்மா வருவதாக இருந்தால் அவருக்கு ஒரு நாற்காலியும் குடையும் எடுத்து வாருங்கள். தோட்டம் வெட்டிய பிறகு அங்கே நிழலே கிடையாது.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பாதர்